கணக்கு நூறு, காவல் ஒன்று

கோட் ஸ்பேசஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைப் பத்திரமாக வைத்துக்கொடுப்பது அதன் தொழில். 2014 ஜூனில் யாரோ அதன் அமேசான் கிளவுட் கணக்குக்குள் நுழைந்து, பணம் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் அவசர அவசரமாகக் கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கியதும், முன்பே உருவாக்கி வைத்திருந்த மாற்று லாகின்கள் வழியாகச் சர்வர்களையும் தரவுகளையும் அழித்துத் தள்ளினார்கள். பேக்கப்புகளும் தப்பவில்லை, அவையும் அதே கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தன. நிறுவனம் கடையை மூடிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைக்காதே என்பதுதான் இன்று இந்தத் துறையின் பாலபாடம். சோதனைக்கு ஒரு கணக்கு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் சேவைக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால், ஒன்றில் திருடன் புகுந்தாலும் மற்றவை தப்பும். இப்படிப் பிரிந்த கணக்குகளை ஒரு குடைக்கீழ் நிர்வகிக்க அமேசான் வெப் சர்வீசஸ் (ஏடபிள்யூஎஸ்) 2017இல் 'ஆர்கனைசேஷன்ஸ்' சேவையைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தது. பெரிய நிறுவனங்களில் இன்று நூற்றுக்கணக்கில் கணக்குகள் இருக்கின்றன.

நூறு கணக்கு என்றால் நூறு அட்மின்கள். ஒருவர் செலவை மிச்சம் பிடிக்கத் தணிக்கைப் பதிவை நிறுத்துவார். இன்னொருவர் வாடிக்கையாளர் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தை உலகத்துக்கே திறந்துவிடுவார். இவர்களைத் தனித்தனியே கண்காணிக்க ஆளில்லை. அதனால் கணக்குகளைத் துறைவாரியாகவோ பயன்வாரியாகவோ குழுக்களாகக் கட்டி, குழுவின் தலையில் விதியை வைக்கிறார்கள். விதி அதற்குக் கீழுள்ள எல்லாக் கணக்குகளுக்கும் இறங்கும்.

இந்த விதிகள் மூன்று வகை. அவற்றில் பலம் வாய்ந்தது தடுப்பு விதி. அதன் முக்கிய வடிவம் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி, சுருக்கமாக எஸ்சிபி. இது யாருக்கும் எந்த அனுமதியையும் தருவதில்லை. அதிகபட்ச எல்லையை மட்டும் வகுக்கிறது. கையில் வீட்டுச் சாவி இருந்தாலும் தெருக்கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாதல்லவா, அப்படி. உறுப்புக் கணக்கின் முழு அதிகாரம் பெற்ற 'ரூட்' பயனரே ஆனாலும் இந்தப் பூட்டைத் தாண்ட முடியாது.

ஓர் உதாரணம். ஒரு நிறுவனம் தன் சர்வர்கள் மும்பை மண்டலத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. அதற்கான எஸ்சிபி ஒரு சின்ன ஜேசன் கோப்புதான்: 'விளைவு: மறு, செயல்: எல்லாம், நிபந்தனை: கேட்கப்படும் மண்டலம் மும்பை இல்லையென்றால்'. பார்க்கப் பிழையில்லாத விதி. ஆனால் இதை அப்படியே போட்டால் யாராலும் புதிய பயனர் ஒருவரைக்கூட உருவாக்க முடியாது. பயனர் உரிமைகளைக் கவனிக்கும் 'ஐஏஎம்' உலகம் முழுவதற்கும் பொதுவான சேவை. அதற்குப் போகும் கோரிக்கைகள் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியா மண்டலத்துக்குப் போனதாகவே பதிவாகும். மும்பை இல்லை என்று விதி மறுத்துவிடும். ஐஏஎம், ரூட்53, கிளவுட்ஃப்ரன்ட் போன்ற பொதுச் சேவைகளுக்கு விலக்கு எழுதியே ஆக வேண்டும். தடுப்பு விதியை முதலில் சோதனைக் குழுவில் போட்டுப் பார்க்காமல் நிறுவனம் முழுவதற்கும் விரிப்பவர், திங்கட்கிழமைக் காலையில் நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

மற்ற இரு வகைகளின் வேலை வேறு. கண்டறியும் விதி எதையும் தடுக்காது. 'ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக்' மூலம் மாற்றங்களைப் பார்த்து, மீறல் இருந்தால் சொல்லும். முன்தடுப்பு விதி, அமைப்பைக் கோப்பாக எழுதி உருவாக்கும் 'கிளவுட்ஃபார்மேஷன்' கருவியின் வார்ப்புருவிலிருந்து ஒரு பொருள் உருவாகும் முன்பே அதைச் சோதித்து, மீறல் இருந்தால் நிறுத்தும். வார்ப்புரு இல்லாமல் திரையில் கையால் சொடுக்கி உருவாக்கியது அதன் கண்ணில் படாது. இதை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு.

மூன்று வகைகளையும் சேர்த்து இயக்குவது, 2019இல் பயன்பாட்டுக்கு வந்த 'கன்ட்ரோல் டவர்'. அதன் திரையில் விதியைத் தேடி, குழுவைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தலாம். முப்பது விதி, பத்துக் குழு என்றால், ஒவ்வொன்றாகச் செய்தால் முந்நூறு தடவை அழுத்த வேண்டும். அலுப்புகூடப் பெரிதில்லை. எதற்காக அழுத்தினார்கள் என்ற காரணம் அந்தப் பொத்தானில் எங்கும் இருப்பதில்லை.

அதனால்தான் நிரல்வழி. நிரலிலிருந்து அழைக்கும் 'எனேபிள்கன்ட்ரோல்' என்ற ஏபிஐக்கு இரண்டு தகவல் போதும்: எந்த விதி, எந்தக் குழு. அழைத்தவுடன் வேலை முடிந்துவிடாது; ஒரு வேலை எண் மட்டும் கைக்கு வரும். அந்த எண்ணை 'கெட்கன்ட்ரோல்ஆபரேஷன்' என்ற இன்னொரு ஏபிஐயிடம் கொடுத்து, நடக்கிறதா, முடிந்ததா, தோற்றதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண் கிடைத்ததும் வெற்றி என்று எழுதிவிட்டு அடுத்த விதிக்குத் தாவும் ஸ்கிரிப்ட், விதி ஏறாத குழுவையும் ஏறியதாகக் கணக்குக் காட்டும்.

டெராஃபார்ம் என்ற இதேபோன்ற கருவியிலோ கிளவுட்ஃபார்மேஷனிலோ கோப்பாக எழுதினால் இந்தக் காத்திருப்பைக் கருவியே பார்த்துக்கொள்ளும். கோப்பு, மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கும். புது விதி வேண்டுமென்றால் ஒருவர் எழுத, இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவார். ஆறு மாதம் கழித்து தணிக்கையாளர் வந்து இந்த விலக்கு ஏன் என்று கேட்டால், பதில் அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே கிடக்கும். என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதுதான் பெரிய லாபம். இடையில் யாராவது திரையில் போய் விதியைக் கையால் மாற்றினால், கோப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள வேறுபாட்டை அடுத்த ஓட்டத்தில் டெராஃபார்ம் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பெரிய ஓட்டை உண்டு. எல்லாக் கணக்குகளுக்கும் தலைமையான நிர்வாகக் கணக்கை எஸ்சிபி கட்டுப்படுத்தாது. கன்ட்ரோல் டவர் ஓடுவது அந்தக் கணக்கில்தான். விதிகளைப் பரப்பும் தானியங்கி நிரலுக்கும் அங்கேதான் உரிமை வேண்டும். அந்த உரிமை திருடுபோனால் நூறு கணக்கின் பூட்டும் ஒரே கையில் திறக்கும். ஆகவே நிர்வாகக் கணக்கில் வேறு எந்தச் சர்வரும் வைக்காதீர்கள். தானியங்கிக்கு நிரந்தரச் சாவி கொடுக்காமல், சிறிது நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக அனுமதி மட்டும் கொடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆர்கனைசேஷன்ஸுக்கும் எஸ்சிபிக்கும் தனிக் கட்டணம் கிடையாது. கான்ஃபிக்குக்கு உண்டு. அது பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், நடத்தும் ஒவ்வொரு விதிச் சோதனைக்கும் காசு என்பதால், கண்டறியும் விதிகளைக் கூட்டும் முன் பில்லையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.