ஒரு டெலிபோன் அழைப்பு: ஆறு ஆண்டுக் காவல்!
அமெரிக்கச் சிறுவர் கோர்ட்டுகளை மாற்றிய வழக்கு

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கிலா என்று ஒரு ஜில்லா. 1964 ஜூன் 8-ந் தேதி காலை, அங்கு ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். அப்போது அவனுடைய தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தனர். "உங்கள் மகன் எங்கள் காவலில் இருக்கிறான்" என்று வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், மூத்த மகனை அனுப்பித் தேடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

பையன் செய்த குற்றம் என்ன? அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு டெலிபோன் செய்து ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். கூட இருந்த நண்பன்தான் பேசினான், ஜெரால்டு நம்பரை மட்டுமே சுழற்றினான் என்றார் தாய்.

சாட்சி இல்லை, வக்கீல் இல்லை

மறுநாளே நீதிபதியின் அறையில் விசாரணை நடந்தது. புகார் கொடுத்த பெண் வரவில்லை. யாரும் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை. பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. பையனுக்கு வக்கீலும் இல்லை. ஜூன் 15-ந் தேதி இரண்டாவது விசாரணை. "அந்தப் பெண்ணை வரவழையுங்கள்" என்று தாய் கேட்டார். அவர் வரத் தேவை இல்லை என்று சொல்லிவிட்டார் நீதிபதி.

தீர்ப்பு: 21 வயது ஆகும்வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும். அதாவது, இடையில் விடுவித்தால் ஒழிய ஆறு ஆண்டுகள்! இதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால், 5 முதல் 50 டாலர் வரை அபராதம். அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. அவ்வளவுதான்.

மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், சிறுவர் வழக்கில் அப்பீல் செய்ய அந்த மாநிலச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே, பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டனர்.

நல்ல எண்ணம்தான், ஆனால்...

இத்தனைக்கும், சிறுவர் கோர்ட்டு நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். 1899-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சிகாகோ நகரில் முதல் கோர்ட்டு ஏற்பட்டது. பிள்ளைகளைக் குற்றவாளிகளோடு அடைக்கக் கூடாது, அரசே தந்தையைப் போல் இருந்து திருத்த வேண்டும் என்பது நோக்கம். தகப்பன் மகனைக் கண்டிக்க வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு என்று நடைமுறை விதிகளைக் கைவிட்டனர். வினை அங்கேதான் வந்தது.

ஜெரால்டு வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1967 மே 15-ந் தேதி நீதிபதி ஏப் போர்டாஸ் தீர்ப்பை எழுதினார். பையன் என்பதற்காக அவனுக்கு நியாயமான விசாரணையை மறுக்க முடியாது என்று கோர்ட்டு கூறியது. ஒரு பிள்ளையைப் பிடித்து அடைத்து வைக்கக் கூடிய வழக்கு என்றால், நான்கு உரிமைகள் உண்டு. குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், பணம் இல்லாவிட்டால் அரசு வைத்துத் தர வேண்டும். சாட்சியை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்யலாம். தனக்கு எதிராகத் தானே பேசும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

1970-ல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கு வந்தது. 112 டாலர் திருடியதாகக் குற்றச்சாட்டு. பெரியவர்களுக்குப் போலவே, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால், சிறுவர் வழக்கில் ஜூரி கட்டாயம் இல்லை என்று 1971-ல் கூறிவிட்டது. மற்றபடி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனி விதி. வயது வரம்புகூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

காசுக்குப் பிள்ளைகள்

ஏட்டில் உரிமை வந்துவிட்டது, நடப்பில்? பென்சில்வேனியா மாநிலத்தின் லுசேர்ன் ஜில்லா இதற்குப் பதில் சொல்கிறது. தனியார் நடத்திய சிறுவர் காவல் இல்லங்களோடு தொடர்பு உடையவர்களிடம் இரண்டு நீதிபதிகள் 25 லட்சம் டாலருக்கும் மேல் பணம் பெற்ற ஊழல் 2009-ல் வெடித்தது. அவர்களில் ஒருவரான மார்க் சியாவரெல்லா, சின்னஞ்சிறு தவறுகளுக்கும் பிள்ளைகளைக் காவல் இல்லத்துக்கு அனுப்பியவர். வக்கீல் இல்லாமலேயே அவர் முன் நின்ற பிள்ளைகள் ஏராளம். "வக்கீல் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது. சியாவரெல்லாவுக்கு 2011-ல் 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2012-ல் புதுச் சட்டம் வந்தது. பெற்றோரின் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், பிள்ளையை வசதி அற்றவராகவே கருதி வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நோட்டீசு, சாட்சி, வக்கீல் என்ற விதிகள் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால், கிலா ஜில்லாவிலும் லுசேர்ன் ஜில்லாவிலும் அவை இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் அகப்பட்டுக்கொண்டார்கள். நீதிபதி நல்லவர் என்று நம்பி விதியைத் தளர்த்தினால், கெட்டவர் வந்து உட்காரும் நாளில் கேட்பதற்கு ஆள் இருக்காது.