35 குதிரைகளை ஒளித்துவைத்த சூடான காற்று! கராஜிலேயே இன்டர்கூலர் கட்டும் கார் பிரியர்கள்

அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 1985-ல் விற்ற கிராண்ட் நேஷனல் காரின் டர்போ இன்ஜின், 200 குதிரைத்திறன் கொடுத்தது. மறு ஆண்டு வந்த மாடலில் அதே 3.8 லிட்டர் வி6 இன்ஜின் 235-ஐத் தொட்டது. இன்டேக் மேனிஃபோல்டு உட்பட வேறு சில மாற்றங்களும் இருந்தன என்றாலும், பெரிய புதுவரவு இன்டர்கூலர்தான். அது இல்லாத 84, 85 மாடல்களுக்கு ‘ஹாட் ஏர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பட்டப்பெயர் வைப்பதில் நம்மூர்க்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை அவர்கள்!

அந்தப் பெயரைத் துடைத்தெறியத்தான் ‘ஹாட் ஏர்’ ஓனர்கள் பலர் வீட்டு கராஜிலேயே இன்டர்கூலர் கட்டி மாட்டுகிறார்கள். ப்யூக் மட்டுமல்ல, இன்டர்கூலர் இல்லாமல் வந்த பழைய வால்வோ, சாப் டர்போ கார்களிலும் இதே வேலை நடக்கிறது.

காற்று ஏன் சுடுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும் இல்லையா, அதே கதைதான். சைலன்ஸருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுற்றும் டர்போ, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். டயருக்கு 30 பாயின்ட் அடிக்கச் சொல்வோமே, அந்தக் கணக்கில் டர்போ 10 பாயின்ட் அமுக்கினால், 30 டிகிரியில் உள்ளே போன காற்று சுமார் 100 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால், அதே இடத்தில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் இருக்கும்.

சுமாரான ஓர் இன்டர்கூலர் இருந்தாலே 100 டிகிரி காற்று 50 டிகிரிக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவிகிதம் கூடும்.

பவரைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. காற்று அதிகச் சூடாக இருந்தால், சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி முறைப்படி எரியாமல் தானாகவே வெடிக்கும். ‘நாக்கிங்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். 40 வயதுப் பழைய காரில் அந்த ஒரிஜினல் இன்ஜின் போனால் போனதுதான்.

பழைய இரும்புக் கடையில் தொடங்கும் வேலை

விபத்தில் நொறுங்கிய டர்போ கார்கள், டீசல் டிரக்குகளிலிருந்து கழற்றிய இன்டர்கூலர்தான் பெரும்பாலானவர்களின் முதலீடு. ஏ.சி கண்டென்ஸரை மாட்டிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதன் குழாய்கள் மிகவும் சிறியவை, காற்று மூச்சுத்திணறிவிடும்.

பழைய இன்டர்கூலரில் ஒரு வில்லங்கம். அது இருந்த காரின் டர்போ உடைந்திருந்தால், உள்ளே ஆயிலும் உலோகத் துணுக்குகளும் தங்கியிருக்கும். சரியாகக் கழுவாமல் மாட்டினால், அத்தனையும் நேராக இன்ஜினுக்குள் போகும்.

அடுத்தது பைப். இரண்டு, இரண்டரை இன்ச் அலுமினிய பைப்பை வளைத்து, வெல்டு அடித்து, சிலிக்கான் ஹோஸால் இணைக்கிறார்கள். பைப்பின் முனையில் சின்ன மேடு எழுப்ப வேண்டும். அது இல்லாவிட்டால், கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்த வேகத்தில் ஹோஸ் ‘டப்’ என்று பிடுங்கிக்கொள்ளும்.

லீக் பார்க்கும் முறைதான் ரசனையானது. பி.வி.சி பைப் மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, டர்போவின் வாயை அதனால் அடைக்கிறார்கள். கம்ப்ரஸரில் காற்றடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குமிழ் வந்தால் அங்கே லீக். பஞ்சர் கடைத் தொழில்நுட்பமேதான்! சோம்பல்பட்டு இதைத் தவிர்த்தால் விளைவு மோசம். சென்சார் அளந்த காற்று வழியிலேயே கசிந்துவிட, பெட்ரோல் மட்டும் முழு அளவில் இறங்கும். கரும்புகை வரும், இழந்த காற்றை ஈடுகட்ட டர்போ தேவைக்கு மேல் சுற்றித் தேயும்.

ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை வைத்தால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று குறையும். டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். இன்ஜின் மேலேயே வைத்தால் இன்ஜின் சூடு அதையும் தாக்கும். அதனால்தான் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ் காரின் பானெட்டில் அந்தக் காற்றுத் திறப்பு. நம்மூர் சாலைகளில் பார்க்கும் முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் பானெட் திறப்பும் அழகுக்காக வைத்ததல்ல.

நம்மூரில் செய்யலாமா?

இப்போது வரும் டர்போ கார்கள் பெரும்பாலானவற்றில் இன்டர்கூலர் கம்பெனியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றிப் பெரிதாக மாட்டினால் வாரன்டி கேள்விக்குறியாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார்களில் இன்னொரு வகை உண்டு. காற்றுக்குப் பதில் தண்ணீரால் குளிரவைப்பது. டிக்கியில் ஐஸ் பெட்டி, படகில் தண்ணீர் இறைக்கும் மோட்டார், ஒரு ஜோடி ஹோஸ். கால் மைல் ஓட்டத்துக்கு இதை மிஞ்ச ஆளில்லை. திரும்பி வரும்போது டிக்கியில் இருப்பது வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். அடுத்த ரவுண்டுக்கு மறுபடியும் ஐஸ் மூட்டை தேட வேண்டும்.