உயர்திணையும் நிவாரணப் பட்டியலும்

தொல்காப்பியர் உயர்திணைக்கண் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றினை வகுத்தார். அவ்வளவில் அமையாது, ஆண்மை திரிந்த பேடியரையும் உயர்திணையுள்ளேயே அடக்கினார். அவர்க்கெனத் தனி ஈறு இன்மையின், உயர்திணைப் பாலீறுகளாலேயே அவரை வழங்குக எனச் சொல்லதிகாரத்தில் விதி செய்தார். இலக்கணம் இடந்தந்த இம்மாந்தர்க்குப் பேரிடர்க்காலப் பட்டியல் இடந்தந்ததா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2004 டிசெம்பர் 26 இல் எழுந்த கடற்கோள், இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயே. கல்முனை முதலாகத் தெற்கே கோமாரி, பொத்துவில் வரையும் கரையூர்கள் சிதைந்தன. அன்றே தமிழகக் கரையும் அழிவுற்றது. ஆங்கு இடர்ப்பட்ட திருநங்கையர் பலர் நிவாரணம் பெற்றிலர் எனப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. உதவி குடும்ப அட்டையின் வழியே சென்றது. பிறந்த வீட்டை நீங்கி வாழ்ந்தோரிடம் அவ்வட்டை இல்லை. முகாம்களோ ஆண், பெண் என்னும் இருபாலாரையே எண்ணி அமைக்கப்பட்டன.

கடற்கோள் நிலநடுக்கத்தின் விளைவேயன்றிக் காலநிலை மாற்றத்தின் விளைவன்று. ஆயினும், உயரும் கடல்மட்டமும் மிகும் பெருமழையும் கரையோர மக்களை மீண்டும் மீண்டும் முகாமுக்குச் செலுத்தவல்லன. பட்டியல் திருந்தாவிடின் பழைய அநீதியே தொடரும். ஒருபாலார் இருவர் இணைந்து வாழும் இல்லத்தைக் குடும்பமெனக் கொள்ளாத நாட்டில், தன்பாலீர்ப்புடையோர்க்கும் இஃது ஒக்கும்.

இவர்கள் உதவி பெறுவோர் மட்டுமல்லர், உதவி புரிவோருமாவர். பிலிப்பைன்சு நாட்டின் இரோசின் என்னும் ஊரில், 'பக்லா' எனப்படும் பாலினச் சிறுபான்மையினர் ஏளனத்துக்கு இடையிலும் வெள்ளக்காலத்தில் நிவாரணப் பொருள் திரட்டினர், சிறுவரைப் பேணினர். பின்னர் அவ்வூரின் இடர்த்தணிப்புத் திட்டமிடலிலும் அவர்கள் பங்குகொண்டனர்.

அரசுகளும் சில படிகள் ஏறியுள்ளன. தமிழகம் 2008 இல் இவர்க்கென நலவாரியம் அமைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிசெய்தது. ஆயினும், சான்றிதழ் ஒருவர் கையிலிருத்தல் வேறு. வெள்ளம் வருமுன்னரே அவர் பெயர் கிராமத்துப் பட்டியலிலிருத்தல் வேறு.

ஆதலின் கோமாரி போன்ற கரையூர்களுக்கு வேண்டுவன மூன்று: குடும்பமாக மட்டுமன்றித் தனியாளாகவும் மக்களை எண்ணுதல், முகாமில் அச்சமின்றித் தங்கவும் நீராடவும் இடம் வகுத்தல், ஊரின் அனர்த்த முகாமைத்துவக் குழுவில் இவர்க்கும் இருக்கை அளித்தல். இலக்கணம் என்றோ உயர்திணையென எண்ணியோரைப் பட்டியலும் எண்ணுவதே அறமாகும்.