பழைய இறக்கைகள் – 11: காயலான் கடைக்குப் போகாத லிபரேட்டர்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது கான்பூரின் சக்கேரி விமானத்தளத்தில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த விமானம் அது. முதன்முதலில் பறந்தது 1939 டிசம்பர் 29 அன்று. அதன்பின் 18,000-க்கும் அதிகமாகத் தயாரானது. 1,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு எஞ்சின்கள், இரட்டை வால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 110 அடி நீளமுள்ள இறக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி. இந்த இறக்கையை அதன் அடியில் செங்குத்தாக நிறுத்தினால் பாதிக் கோபுரத்தையும் தாண்டிவிடும்.

கான்பூரில் நின்றவை பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியவை. ஆனால் அவை பிரிட்டனுக்குச் சொந்தமானவை அல்ல. போர்க்காலக் கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா கொடுத்தவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கடல் கடந்து கொண்டுபோவதால் யாருக்கும் லாபமில்லை. ஆகவே அங்கேயே அவற்றை முடமாக்கினார்கள். கருவிப் பலகைகளை அடித்து நொறுக்கினார்கள், உடற்பகுதியில் ஓட்டை போட்டார்கள், எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. மிச்சத்தை வெயிலும் மழையும் பார்த்துக்கொண்டன.

சுதந்திர இந்தியாவின் விமானப்படையிடம் அப்போது கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பெரும்பணம் தேவை. அப்போதுதான் கான்பூர்க் குவியலின் மீது பார்வை விழுந்தது. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது.

அந்தத் தொழிற்சாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வால்சந்த் ஹிராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கியது அது. போரின்போது அமெரிக்க ராணுவம் அதை 84-ஆம் விமானப் பராமரிப்பு நிலையமாக நடத்தியது. அமெரிக்க விமானங்களைக் கழற்றி, சீர்செய்து, மறுபடி பூட்டி அனுப்பிய அனுபவம் அங்கிருந்த தொழிலாளர்களின் கையில் இருந்தது. தகட்டை வளைக்கவும், ரிவெட் அடிக்கவும், எஞ்சினைப் பிரித்துப் போடவும் தெரிந்த ஒரு தலைமுறை போர் முடிந்தபின் வேலைக்காகக் காத்திருந்தது. இந்தக் கதையின் நாயகர்களாக அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

கான்பூருக்குப் போன குழு, பரவாயில்லை என்று தோன்றிய விமானங்களை முதலில் தேர்ந்தெடுத்தது. ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கழற்றிப் பூட்டியது. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஃபிட்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதிரி பாகம் கிடைக்காத பழைய இயந்திரத்தை ஓடவைக்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது. கான்பூரில் செய்தது அரைகுறைப் பழுதுபார்ப்புதான். விமானம் ஒரே ஒருமுறை, பெங்களூர் வரைக்கும் பறந்தால் போதும். முழுச் சீரமைப்பு அங்கே போய்.

அந்த ஒருமுறைப் பயணம் சுமார் 1,500 கிலோமீட்டர். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி விமானங்களை ஒவ்வொன்றாக ஓட்டிவந்தார். அதற்குமுன் அவர் லிபரேட்டரை ஓட்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒருமுறை வேண்டுமென்றே உடைக்கப்பட்டு, அவசரமாகப் பூட்டப்பட்ட நான்கு எஞ்சின் விமானத்தை நம்பி ஏறுவதற்கு என்ன துணிவு வேண்டும்! இந்திய விமான வரலாற்றில் முன்ஷிக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும்.

1948 நவம்பரில் முதல் விமானங்களோடு விமானப்படையின் 5-ஆம் அணி உருவானது. மொத்தம் 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் இப்படி உயிர்பெற்றன. 1951-இல் 6-ஆம் அணியும் இவற்றைப் பெற்றுக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. 5-ஆம் அணி 1957-இல் கான்பெரா ஜெட்டுக்கு மாறியது. 6-ஆம் அணியோ 1968 வரை லிபரேட்டரிலேயே பறந்தது. உலகின் மற்ற நாடுகள் அதை உருக்கிப் பாத்திரமாக்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

இங்கே ஒரு விசித்திரம் நேர்ந்தது. 1960-களின் கடைசியில் பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்கள் லிபரேட்டரைத் தேடத் தொடங்கின. 18,000 விமானங்களில் முழு உருவோடு எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தேடியவர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். கனடாவுடன் நடந்தது பண்டமாற்று: டெல்லியின் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு லைசாண்டர் விமானம் வந்தது; லிபரேட்டர் ஒன்று 1968-இல் கனடாவுக்குப் போனது. 1969-இல் இன்னொன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு இந்தியாவிலிருந்து பறந்தே சென்றது. 1974-இல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. அவர்கள் அழித்துவிட்டுப் போனதை அவர்களுக்கே நினைவுச்சின்னமாகத் திருப்பிக் கொடுத்தது பெங்களூர்த் தொழிலாளியின் கை.

எல்லாவற்றிலும் நீண்ட பயணம் செய்தது, 1944-இல் டெக்ஸாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தயாரான ஒரு விமானம். இந்தியப் பணி முடிந்தபின் கைவிடப்பட்டுக் கிடந்த அதை 1981-இல் பிரிட்டனைச் சேர்ந்த சேகரிப்பாளர் டக் அர்னால்ட் வாங்கினார். 1984-இல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதைப் பெற்றது. தொழில்நுட்பர்களும் தன்னார்வலர்களும் ஐந்தாண்டு உழைத்தார்கள். 1989 செப்டம்பரில் அது மறுபடி பறந்தது. பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டது. போரில் லிபரேட்டர் ஓட்டிய முதியவர்கள் தங்கள் பழைய இருக்கையைத் தேடி உள்ளே ஏறினார்கள். 130 தாக்குதல்களுக்குப் பறந்து, ஒருமுறைகூடப் பாதியில் திரும்பாத ‘விட்ச்கிராஃப்ட்’ என்ற லிபரேட்டரின் பெயரும் வண்ணமும் 2005-இல் அதற்குச் சூட்டப்பட்டன.

இத்தனை பாகம் மாற்றியபின் அது பழைய விமானம்தானா என்று ஆர்வலர்களுக்குள் விவாதம் ஓய்வதே இல்லை. மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் விசைத்தடையும் வந்தபின்னும் ஆடிப்பூரத்தில் ஓடுவது ஆண்டாள் தேர்தான். பறக்கும் விமானத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும். தேய்ந்த பாகத்தை மாற்றாமல் அதைப் பறக்கவிட முடியாது. பறக்காமல் நிற்கும் விமானத்துக்கோ கதை வேறு. அதில் போர்க்காலத் தகடு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவும் சான்று. இரண்டு வகையும் வேண்டும்.

இந்தியாவிடம் உள்ள, பறக்கும் நிலைக்கு மீட்கப்பட்ட பெரிய பழைய விமானம் என்றால் டகோட்டாவைச் சொல்லலாம். பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு, ‘பரசுராமா’ என்ற பெயரோடு 2018 மே மாதம் விமானப்படையின் பழம்விமானப் பிரிவில் சேர்ந்தது. லிபரேட்டருக்கு அந்தப் பேறு இங்கே வாய்க்கவில்லை. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் எச்.இ. 924 என்ற எண்ணுடன் ஒன்று நிற்கிறது. கான்பூரிலிருந்து மீண்ட விமானங்களில் இந்தியா தனக்கென்று காப்பாற்றி வைத்திருப்பது அது.