உங்களுக்குத் தெரியுமா? ஆள் மாறினாலும் ஓயாத 'பெட்ரா'

● கிறிஸ்தவ ராக் இசையின் முன்னோடிக் குழுக்களில் ஒன்றான 'பெட்ரா', 1972இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் நகரில் தொடங்கியது. கிடாரும் டிரம்ஸும் கடவுளுக்கு ஆகாது என்று பல சபைகள் முகம் சுளித்த காலம் அது.

● நிறுவியவர்கள் நால்வர்: பாப் ஹார்ட்மன், கிரெக் ஹஃப், ஜான் டிகிராஃப், பில் குளோவர். 1970கள் முடிவதற்குள் எஞ்சியவர் ஹார்ட்மன் மட்டுமே.

● முதல் ஆல்பம் வெளிவந்தது 1974இல். அதன்பின் சேர்ந்த கிரெக் எக்ஸ். வோல்ஸின் குரலே குழுவுக்குப் பெரும் ரசிகர் கூட்டத்தைத் தேடித்தந்தது.

● வோல்ஸ் விலகியதும் 1986இல் வந்தவர் ஜான் ஷ்லிட். 'ஹெட் ஈஸ்ட்' என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்த அவர், போதைப் பழக்கத்தால் அந்த இடத்தை இழந்தவர். பிறகு விசுவாசத்துக்குத் திரும்பியவர். அவர் வரவால் இசையும் கனத்தது.

● குழுவுக்கு நான்கு கிராமி விருதுகள். முதலாவதைப் பெற்றுத்தந்தது, 1990இல் வெளியான 'பியாண்ட் பிலீஃப்' ஆல்பம்.

● 1995இல் ஹார்ட்மன் கச்சேரிப் பயணங்களை நிறுத்தினார். மேடையில் நிறுவனர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பாடல்கள் எழுதுவதை அவர் விடவில்லை. 2003இல் குழுவுக்கே திரும்பினார்.

● 2000இல் காஸ்பல் இசைப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றது பெட்ரா. அந்தப் பெருமை கிடைத்த முதல் ராக் குழு இதுவே.

● 2005 டிசம்பர் 31 இரவு, டென்னசி மாநிலத்தில் விடைபெறும் கச்சேரி நடந்தது. ஆனால் 2010இல் பழைய உறுப்பினர்கள் வோல்ஸுடன் 'கிளாசிக் பெட்ரா'வாக மீண்டும் மேடையேறினார்கள்!