டார்ஷன் பாரைத் திருகி வாகனத்தை உயர்த்தலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

மேடுபள்ளமான சாலைகளில் அடிப்பகுதி உரசாமல் இருக்கவும், பெரிய டயர்களைப் பொருத்தவும் ஜீப், பிக்கப் வகை வாகனங்களின் முன்பக்கத்தைச் சிலர் உயர்த்துகின்றனர். டார்ஷன் பார் உள்ள வாகனங்களில் இதற்குப் புதிய உதிரிபாகம் தேவையில்லை. ஒரு போல்ட்டை இறுக்கினாலே போதும். ஆனால், செலவின்றிக் கிடைக்கும் இந்த உயரம் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும்.

டார்ஷன் பார் என்றால் என்ன?

சுருள் வில்லுக்குப் பதிலாக, முறுக்கப்படும்போது எதிர்விசை தரும் நீண்ட எஃகுத் தண்டே டார்ஷன் பார். இதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்முடனும், மறுமுனை சேஸிஸுடனும் இணைந்திருக்கும். 1998-இல் வெளிவந்த டாடா சஃபாரி, 2010-இல் அறிமுகமான மஹிந்திரா தாரின் சிஆர்டிஇ வகை ஆகியவற்றின் முன்பக்கத்தில் இந்த அமைப்பு இடம்பெற்றது. நாள்பட்ட பயன்பாட்டில் தாழ்ந்துபோன முன்பக்கத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரவும், இருபுறத்தையும் சமன்செய்யவுமே சேஸிஸ் முனையில் போல்ட் அமைக்கப்பட்டுள்ளது.

இறுக்கினால் வலுவாகுமா?

ஆகாது. தண்டின் விறைப்பை அதன் நீளம், தடிமன், உலோகம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரமும் மாறுவதில்லை. முன்பக்கத்தை 4 செ.மீ. உயர்த்தினால், பள்ளத்தில் சக்கரம் கீழிறங்குவதற்கான தூரம் ஏறக்குறைய அதே அளவு குறையும். இதனால் ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதி அதிர்வு ஏற்படும். டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் திறனும் குறையும்.

என்னென்ன பாதிப்புகள்?

* சக்கரங்களின் சாய்வும் திசைக்கோணமும் மாறுவதால் டயரின் ஓரம் விரைவில் தேயும். ஸ்டீயரிங் ஒருபுறம் இழுக்கலாம்.

* பால் ஜாயின்ட், டை ராட் முனைகள் அதிகக் கோணத்தில் இயங்கி முன்னதாகவே பழுதடையலாம். நான்கு சக்கர இயக்க வாகனங்களில் முன் டிரைவ் ஷாஃப்ட் இணைப்புகளும் அவற்றின் ரப்பர் உறைகளும் பாதிக்கப்படும்.

* முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கிச் சென்று எதிரே வருவோரின் கண்களைக் கூசச் செய்யும்.

* ஈர்ப்பு மையம் உயர்வதால் வளைவுகளில் வாகனம் கூடுதலாகச் சாயும்.

பின்புற ஆக்சிலின் உயரம் இதனால் மாறாது என்பதால், கரடுமுரடான பாதையில் எதிர்பார்த்த பயனும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

பதிவின்போது குறிப்பிடப்பட்ட தயாரிப்பாளர் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

என்ன செய்யலாம்?

தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள உயரத்தைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பானது. தண்டு பெரும் விசையுடன் முறுக்கப்பட்டிருப்பதால், இப்பணியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும். சரிசெய்த பின் சிறிது தூரம் ஓட்டி, இருபுற உயரத்தையும் மீண்டும் அளந்து, வீல் அலைன்மென்ட்டையும் முகப்பு விளக்கையும் சீராக்க வேண்டும். முன்பக்கம் அடிக்கடி தாழ்ந்தால், மேலும் இறுக்காமல் தண்டை மாற்றுவதே முறையான தீர்வு.