பாட்டுக்கு எதுக்கு பாஸ் பூட்டு?

வி.ஐ.டி.யில் ரிவேரா நெருங்கிட்டா வேலூர் ஹாஸ்டல் ரூம்கள்ல மினி ஸ்டூடியோ முளைச்சிடும். லேப்டாப், ஹெட்போன், ஒரு மைக்... பாட்டு ரெடி! ட்ராக் ட்ராக்கா அடுக்கி, வெட்டி ஒட்டி மிக்ஸ் பண்ற சாஃப்ட்வேருக்குப் பேர் 'டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்'. செல்லமா 'டாவ்'. (நீங்க நினைக்கிற டாவு இல்ல பாஸ்!)

ஆனா, இந்த டாவும் செலவு வைக்கும். க்யூபேஸ் முழு வெர்ஷன் 500 யூரோவுக்கு மேல. உடனே நம்மாளு கேட்கிற கேள்வி, ''மச்சி, கிராக் இருக்கா?''

கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? க்யூபேஸை உருவாக்கிய ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க், 'டாங்கிள்'னு ஒரு குட்டிச் சாவி கொடுத்தது. பென் டிரைவ் மாதிரி செருகினாத்தான் சாஃப்ட்வேர் திறக்கும். ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்துற லாஜிக்குக்கும் முன்பு இப்படியொரு சாவி இருந்தது.

இதுல ஒரு சிக்கல். நம்ம கோட்டையைச் சுத்தி அகழி இருக்கு. ஆனா, 1806 ஜூலை 10-ல் புரட்சி வெடிச்சது கோட்டைக்குள்ள இருந்த சிப்பாய்கள்கிட்ட இருந்துதானே? இங்கேயும் அதே கதை. 'சாவி இருக்கா?'னு சாஃப்ட்வேர் கேட்கிறதும், 'இருக்கு'னு பதில் வர்றதும் நம்ம கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்குது. விஷயம் தெரிஞ்சவங்க அந்தப் பதிலையே மாத்திடுவாங்க.

மாட்டிக்கிட்டது யார்? காசு கொடுத்து வாங்கினவர்! டாங்கிள் தொலைஞ்சா அவர் ரெக்கார்டிங் அம்போ. கிராக் பார்ட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. கடைசியில் 2007-ல் லாஜிக் ப்ரோ 8 சாவியைத் தூக்கிப் போட்டது. 2022-ல் க்யூபேஸ் 12-ம் டாங்கிளுக்கு டாட்டா சொன்னது.

அப்போ கிராக் ஓகேவா? நோ சான்ஸ்! 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, திருடும் நோக்கத்தோட இந்த மாதிரி பூட்டை உடைச்சா இரண்டு வருஷம் வரை ஜெயில், கூடவே அபராதம். 'ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணு'னு எந்த கிராக் சொன்னாலும் உஷார்!

வேற வழி? ரீப்பர்! வின்ஆம்ப் தந்த ஜஸ்டின் ஃப்ராங்கெலோட கைவண்ணம். 60 நாள் ட்ரையல் முடிஞ்சாலும் பூட்டிக்காது, 'வாங்கிடுங்களேன்'னு ஞாபகப்படுத்தும். சொந்த உபயோகத்துக்கு 60 டாலர். அதுவும் முடியலையா? எல்.எம்.எம்.எஸ். முழுக்க இலவசம்.

ஆம்பூர் ஷூவில் போட்ட தையல் கண்ணுக்குத் தெரியுது. சாஃப்ட்வேர்ல போட்ட உழைப்பு தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு நீங்க ராத்திரி முழுக்க முழிச்சு போட்ட ட்யூனை எவனாவது சுட்டா, சும்மா விடுவீங்களா பாஸ்?